வாய் பிளந்து நிற்க வெட்கமேன்?



மூன்று ராசாக்கள் திருநாளன்று இரண்டாம் பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது, குடிலண்டையில் ஒரு தகப்பனாருக்கும் அவருடைய ஐந்து வயதுப் பையனுக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. பையன் ஒட்டகத்தை விட்டு நகரமாட்டேனென்கிறான். “அப்பா, அது எப்படிப்பா முட்டி போட்டுச்சு? அதுக்கு எத்தனை முட்டிப்பா?” என்று ஓயாமல் கேட்கிறான். தகப்பனார் என்னைக் கண்டதும் முகம் சுருங்கி, “வாடா, சாமி பாக்கறாங்க. வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காதே” என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நல்ல மனிதர், மாதத்தில் பாதி நாள் கம்பெனி வேலையாக வெளியூரில் கிடக்கிறவர். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் சொன்ன வார்த்தை எனக்குள் முள்ளாகத் தைத்ததற்குக் காரணம் வேறே. அந்தக் காரியத்தில் நானே குற்றவாளி.

சில வருஷங்களுக்கு முன், பள்ளிக்கூடக் கணக்கு சம்பந்தமான ஒரு கூட்டத்துக்காகத் திருப்பத்தூர்ப் பக்கம் போயிருந்தேன். கையில் பைல், பையில் ரசீதுக் கட்டு, தலையில் மானியத் தொகை. சனிக்கிழமை சாயந்தரம் கூட்டம் சீக்கிரம் கலைந்துவிடவே, உடனிருந்த குருக்கள் இருவர், ஜவ்வாது மலைமேல் காவலூருக்குப் போய்வரலாமென்றார்கள். வானத்தை ஆராய்கிற கூடம் அங்கே இருக்கிறது. 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி பொருத்திய பெரிய தூரதிருஷ்டிக் கருவி அங்கேதான் நிற்கிறது. வைணு பாப்பு என்ற நமது தேசத்து வானசாஸ்திரியின் பெயரை அதற்குச் சூட்டியது 1986-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, அதாவது ராசாக்கள் திருநாளன்று. வேண்டுமென்று பார்த்துக் குறித்த நாளாயிராது. ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது. பொதுஜனங்களுக்கு ஒரு சிறிய கருவியை வைத்து வானம் காட்டினார்கள். வரிசையில் நின்றோம். எனக்குப் பின்னால் எட்டு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை.

என் முறை வந்தது. கண்ணை வைத்தேன். கறுப்பு வெல்வெட்டுத் துணியில் பதித்ததுபோல மங்கிய மஞ்சளில் ஒரு சின்ன உருண்டை. அதைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு வளையம். படத்தில் நூறு தடவை பார்த்த சனிக்கிரகந்தான். ஆனால் படம் படந்தானே. “ஐயையோ, நெசமாவே வளையம் இருக்குது!” என்று கத்திவிட்டேன். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கூடவந்த குருக்களில் ஒருவர் சிரித்துவிட்டார். எனக்கு உடம்பு கூசிற்று. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற ஊழியரிடம், “இதன் கண்ணாடி எத்தனை அங்குலம்?” என்று மகா கம்பீரமாக விசாரித்தேன். அவர் மரியாதையாகச் சொன்னார். அந்த அங்குலம் அப்போதும் எனக்கு வேண்டியிருக்கவில்லை, இப்போது ஞாபகமும் இல்லை. பின்னாலிருந்த குழந்தையும் பார்த்தது, என்னைப் போலவே கத்தியது. ஆனால் அது அங்குலம் கேட்கவில்லை. மறுபடி பார்ப்பதற்காக வரிசையின் கடைசிக்கு ஓடிற்று. எனக்கும் ஓடத்தான் ஆசை. ஓடவில்லை, காரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஊர் திரும்பிய பின் ஞானோபதேசப் பிள்ளைகள், “சாமி, ஊருக்குப் போனீங்களே, என்ன பாத்தீங்க?” என்று சுற்றிக்கொண்டார்கள். “கூட்டந்தான்” என்றேன். சனிக்கிரகத்தைப் பார்த்துவிட்டு வந்தவன், ஒளிவுமறைவில்லாத பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, கூட்டந்தான் என்றேன்.

இது எனக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. நமது பங்கில் வாராவாரம் சென்னைக்குப் போகிறவர்கள் உண்டு. வளைகுடா நாடுகளில் இரண்டு வருஷத்துக்கொரு தரம் லீவு எடுக்கிறவர்கள் உண்டு. பிரான்சுக்கும் இங்கேயுமாக அலைகிறவர்களும் உண்டு. சம்பாதிக்கப் போன இடத்தில் கடலோ மலையோ ஒரு பழைய பாலமோ கண்ணில் பட்டு நெஞ்சு நின்றுபோனாலும், பக்கத்தில் மேலதிகாரி இருக்கிறார், கூட வேலைசெய்கிறவன் இருக்கிறான், பட்டிக்காட்டான் மிட்டாய்க்கடையைப் பார்த்ததுபோல் என்று சொல்லிவிடுவான் என்று, முகத்தை இறுக்கிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்க்கிறோம். நாளடைவில் முகம் இறுகினபடியே நிலைத்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அதை மாற்றிக்கொள்ளலாமென்று நினைத்தால், அது மாறுகிறதில்லை.

குடிலிலிருக்கும் அந்த மூன்று பேரைக் கொஞ்சம் பாருங்கள். ராசாக்கள் என்று கிரீடம் வைத்தது நாம். அர்ச்சியசிஷ்ட மத்தேயு அவர்களைச் சாஸ்திரிகளென்றே சொல்லுகிறார்; மூன்று பேரென்று எண்ணிச் சொன்னதுமில்லை. வானத்தைக் கவனிப்பது அவர்கள் தொழில். தொழில் நிமித்தமாகப் பிரயாணப்பட்டார்களென்றாலும் பிசகில்லை. ஏரோதின் அரண்மனையில் ஒழுங்காக விசாரித்தார்கள். வெளியே வந்ததும் நட்சத்திரத்தை மறுபடி கண்டார்கள். வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிக்கிற சுவிசேஷகர், அந்த இடத்தில் மட்டும் அவர்களுடைய சந்தோஷத்தைப் பெருக்கிப் பெருக்கிச் சொல்லுகிறார். தாடி நரைத்த சாஸ்திரிகள் நடுவழியில் கைகொட்டியிருப்பார்களென்றே எனக்குத் தோன்றுகிறது. பின்பு ஒரு தச்சன் வீட்டுக் குழந்தைக்கு முன்பாக, வேலைக்காரரும் ஒட்டகக்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, சாஷ்டாங்கமாக விழுந்தார்கள்.

மறுபக்கத்தில் ஜெருசலேமின் வேதபாரகர்கள். மெசியாஸ் எங்கே பிறப்பாரென்று கேட்டவுடனே, பெத்லேம் என்று தப்பில்லாமல் விடை சொன்னார்கள். அங்கிருந்து பெத்லேம் சுமார் 9 கிலோமீட்டர். வில்லியனூர் மாதா கோவிலுக்கு நாம் நடந்துபோகிற தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களில் ஒருவர் போனதாகவும் சுவிசேஷத்தில் இல்லை. எனக்கு ஏரோதைவிட இவர்களை நினைத்தால்தான் பயமாயிருக்கிறது. ஏனென்றால் நான் செமினாரியில் படித்தவன். விடைகள் எனக்கும் தெரியும்.

வானம் பார்ப்பதற்காகத் தூர தேசத்திலிருந்து பிரயாணம் புறப்பட்ட இன்னொரு சாஸ்திரி நம்முடைய ஊருக்கே வந்திருக்கிறார். கியோம் லெ ஜான்தீ என்று பெயர். பிரான்சு தேசத்தில் நார்மண்டியைச் சேர்ந்தவர். குருவாகலாமென்று தேவசாஸ்திரம் படிக்கப் பாரிசுக்கு வந்து, வானசாஸ்திரத்தில் மனதைப் பறிகொடுத்தவர். வெள்ளிக்கிரகம் சூரியனுக்கும் நமக்கும் குறுக்கே போகும்போது, சூரிய வட்டத்தின்மேல் ஒரு கறுப்புப் பொட்டு நகர்வதுபோலத் தெரியும். எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு தடவை வரும். பிறகு நூறு வருஷத்துக்குமேல் வராது. 1761, 1769, அதன்பின் 1874, 1882, நம் காலத்தில் 2004, 2012, இனி 2117-ல்தான். பூமியில் ஒன்றுக்கொன்று தூரமான இடங்களிலிருந்து இதைக் கவனித்து நேரத்தைக் குறித்தால், சூரியன் எவ்வளவு தூரத்திலிருக்கிறதென்று கணக்கிட்டுவிடலாம். அதற்காகப் பாரிசு அக்காதெமி அனுப்பியவர்களில் இவர் ஒருவர். இவருக்குக் குறித்த இடம் புதுச்சேரி.

1760-ம் வருஷம் மார்ச்சு 26-ந் தேதி கப்பலேறினார். இங்கிலீஷ்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அப்போது யுத்தம். 1761 ஜனவரியில் நமது ஊர் இங்கிலீஷ்காரர் வசமாயிற்று. மலையாளக் கரையில் மாஹே அருகே வந்தபோதுதான் இந்தச் சங்கதி அவருக்குத் தெரிந்தது. கப்பல் திரும்பிவிட்டது. ஜூன் 6-ந் தேதி வெள்ளி நேரந்தவறாமல் கடந்தபோது, அவர் நடுக்கடலில் ஆடுகிற கப்பல் தளத்தின்மேல் நின்றார். பார்த்தார், ஆனால் ஆடுகிற பலகையில் நின்று சரியாக அளப்பதெப்படி?

அவர் வீடு திரும்பவில்லை. எட்டு வருஷம் பொறுத்து அடுத்ததைப் பார்த்துவிட்டே போவதென்று தீர்மானித்து, மொரீஷியஸ், மடகாஸ்கர், மணிலா என்று சுற்றிக் காற்றையும் கடலின் ஏற்றவற்றத்தையும் கரைகளையும் குறித்துக்கொண்டிருந்தார். 1768 மார்ச்சு 27-ந் தேதி இங்கே வந்திறங்கினார். ஊர் இடிந்து கிடந்த காலம் அது. நமது சம்பா கோவிலும் 1761-ல் இடிக்கப்பட்டது. இன்று நிற்கிற கோவிலைக் கட்டி முடித்தது 1791-ல்தான். கவர்னர் லா தெ லோரிஸ்தோன், இடிந்த கோட்டையின் மிச்சத்தின்மேல் அவருக்கு ஒரு வானக்கூடம் அமைத்துக் கொடுத்தார். இப்போது பாரதி பூங்காவில் பிள்ளைகள் விளையாடுகிற வட்டாரந்தான் அந்தக் கோட்டை இருந்த இடம். நேற்றுவரை பீரங்கி வைத்துச் சுட்ட சென்னப்பட்டணத்து இங்கிலீஷ்காரர்கள்கூட அவருக்கு நல்லதொரு தூரதிருஷ்டிக் கருவி அனுப்பிவைத்தார்கள்.

1769 மே மாதம் முழுவதும் விடியற்காலங்கள் தெளிவாயிருந்தன. ஜூன் 4-ந் தேதி காலையில் வெள்ளி கடக்க வேண்டும். அன்றிரவு இரண்டு மணிக்கு விழித்தவர் பார்க்க, வானம் மூடிக்கொண்டிருந்தது. விடிகிற வேளையில் காற்று சீறிற்று. ஆனாலும் மேகம் விலகவில்லை. வெள்ளி தன் பாட்டுக்குக் கடந்து முடிந்தது. அதன்பின் சூரியன் வெளியே வந்து, அன்று முழுவதும் பளிச்சென்று காய்ந்தது! அவர் முதலில் தங்கிப் பார்க்க எண்ணியிருந்த மணிலாவில் அன்று காலை வானம் தெளிவாயிருந்தது. அப்போது அவருக்கு வயது 43. ஏறக்குறைய என் வயது. இரண்டு வாரத்துக்குமேல் மனமொடிந்து கிடந்ததையும், எழுத எடுத்த பேனா கையிலிருந்து நழுவியதையும் அவரே தம்முடைய புத்தகத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

இந்த மட்டும் அநேகர் கேட்டிருக்கக்கூடிய கதை. துரதிர்ஷ்டத்துக்கு உதாரணமாக இதைச் சொல்லுவார்கள். நான் சொல்ல வந்தது இதன் மற்றொரு பக்கம்.

நமது தமிழர்கள் பேனாவும் காகிதமுமின்றி, சோழிகளைத் தரையில் வைத்து நகர்த்திக் கிரகணத்தைக் கணிக்கிறார்களென்று அவர் இங்கே அறிந்தார். பாரிசு அக்காதெமியின் அங்கத்தினர் அவர். புன்சிரிப்போடு தலையசைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல உட்கார்ந்து அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765-ம் வருஷம் ஆகஸ்ட் 30-ந் தேதி நிகழ்ந்த சந்திரகிரகணத்தை எடுத்து ஒத்துப்பார்த்தார். அது நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவில் பேர்பெற்ற தோபியாஸ் மாயர் என்பவரின் அட்டவணையோ 68 விநாடி கூடிற்று. இதை அவர் மறைக்காமல் தம் தேசத்தாருக்கு அச்சிட்டுச் சொன்னார்.

இன்னொன்று. ஊருக்குத் தெற்கே வீராம்பட்டணத்தருகில், கடலுக்குச் சமீபமான வெளியில், இடுப்புமட்டும் மணலில் புதைந்த ஒரு கருங்கற்சிலையைக் கண்டார். அதன் முகச்சாயல் இங்குள்ள மற்றச் சிலைகளைப்போல் இல்லை. யாருடையதென்று விசாரித்தார். “பௌத்” என்றும், அதை இப்போது யாரும் கும்பிடுவதில்லையென்றும் ஜனங்கள் சொன்னார்கள். அதையும் எழுதிவைத்தார். அந்தப் பக்கத்தில் ஜனங்கள் பெரிய பழைய செங்கற்களைப் பெயர்த்தெடுப்பதையும் குறித்தார். அந்தப் பூமிதான் அரிக்கமேடு. 1945-ல் வீலர் துரை அங்கே தோண்டி, ரோமாபுரியோடு வியாபாரம் நடத்திய துறை அது என்று உலகத்துக்குக் காட்டினார். சேசுநாதர் நசரேத்தில் வாழ்ந்த காலத்தையொட்டி இத்தாலியாவில் சுட்ட மட்பாண்டத்தின் ஓடுகள் நமது ஆற்றங்கரையில் கிடைத்தன! நம்மில் எத்தனை பேர் அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் போகிறோம், ஒரு தடவையாவது இறங்கி நின்று பார்த்திருக்கிறோமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் முதலில் நான்தான் பதில் சொல்லவேண்டும்.

லெ ஜான்தீக்குக் கொடுத்த உத்தரவில் சோழியுமில்லை, மணலில் புதைந்த சிலையுமில்லை. வேலையை விட்டு வேடிக்கை பார்க்கச் சொல்கிறேனென்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் தமது கடமையில் ஒரு மணித்துளியும் தவறவில்லை, மேகந்தான் தவறிற்று. 1771 அக்டோபரில், புறப்பட்டு 11 வருஷம் 6 மாதம் 13 நாள் கழிந்த பின், பிரான்சு மண்ணில் மறுபடி கால்வைத்தபோது, அவர் இறந்துபோனாரென்று எண்ணி உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தார்கள். குறித்த வேலையின் பலன் கையில் இல்லை. ஆனாலும் 1779-லும் 1781-லும் இரண்டு பெரிய புத்தகங்களை வெளியிட அவரிடம் விஷயமிருந்தது. அதில் பெரும்பகுதி, வேலைக்கு நடுவே கண்டதும், கேட்டதும், ‘இதென்ன?’ என்று குனிந்து பார்த்ததுந்தான்.

அதே காலத்தில் இதே ஊரில் கேர்தூ சுவாமியார் என்ற சேசுசபைக் குரு இருந்தார். ஞானோபதேசம் கற்பிக்க வந்தவர். நமது துணியில் ஏறுகிற சிவப்பு ஏன் வெளுப்பதில்லையென்று அவருக்கு அதிசயமாயிருந்தது. தாம் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த சாயக்காரரிடமே பாடங்கேட்டு, கடுக்காய் எப்போது, எருமைப்பால் எப்போது, சாயவேர் எப்போது என்று 1742-ல் நீண்ட கடிதமாக எழுதினார். குரு என்றால் எல்லாம் தெரிந்தவர் என்று பங்கில் நினைக்கிறார்கள். நாங்களும் அப்படியே நினைக்கவிட்டுவிடுகிறோம். கேர்தூ சுவாமியார் அப்படி விடவில்லை.

நமது ஆண்டவர் ஒரு குழந்தையைக் கூப்பிட்டு அப்போஸ்தலர்கள் நடுவில் நிறுத்தியது எப்போதென்று நினைத்துப்பாருங்கள். அவர்கள் வேலையாகப் பிரயாணம் செய்து கப்பர்நாவூமுக்கு வந்திறங்கியவுடனே. வழியிலே என்ன பேசினீர்களென்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தங்களில் யார் பெரியவனென்று வழியெல்லாம் வாதாடி வந்திருந்தார்கள். கலிலேயாவின் மலைகளும் பூக்களும் அவர்களுக்கு இருபுறத்திலும் இருந்தன. அவர்கள் கண்டது ஒருவர் முதுகை ஒருவர். யார் பெரியவன் என்ற கணக்கு நமக்குள் ஓடுகிறவரையில் வாய் பிளக்க முடியாது. பிளந்தால் நாம் சின்னவர்களென்று தெரிந்துபோகும். காவலூரில் என்னை அங்குலம் கேட்கவைத்ததும் அந்தக் கணக்கே.

கடைசியாக ஒன்றைச் சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன். போன ஆகமன காலத்தில், புருஷனுக்காகப் பூசைக் கருத்துக் கொடுக்க ஒரு விதவைத் தாய் வந்தார். அவருடைய புருஷன் முப்பது வருஷம் ஊரூராய்ப் போய் மிஷின் பூட்டிக்கொடுத்த பிட்டர். பேச்சுக் குறைவு, பூசைக்கு மட்டும் தவறமாட்டார். அந்த அம்மாள் ஒரு பழைய பவுடர் டப்பாவை என் மேசைமேல் வைத்தார். திறந்தால் கூழாங்கற்கள், கிளிஞ்சல்கள், ஏதோ ஒரு காய்ந்த விதை. ஒவ்வொன்றும் கம்பெனி பில் காகிதத்தில் சுற்றியிருந்தது. காகிதத்தில் பென்சிலால் ஊர்ப்பெயரும் தேதியும். வெள்ளைக் கல் ஒன்றின் காகிதத்தில் ‘ஜபல்பூர், பேடாகாட்’ என்றிருந்தது.

“சாமி, ஆயுதப் பெட்டிக்கு அடியில இருந்துச்சிங்க. இதெல்லாம் என்னாங்க? எங்ககிட்ட அவரு ஒண்ணுமே சொன்னதில்ல. கேட்டா, வேலைதான், வேற என்னான்னுவாரு.”

நான் அங்கே போனதில்லை, படித்ததைச் சொன்னேன். நர்மதை ஆறு அங்கே இரண்டு பக்கமும் செங்குத்தான வெள்ளைப் பளிங்குப் பாறைகளுக்கு நடுவே ஓடுகிறது, படகில் போய்ப் பார்ப்பார்கள், நிலா வெளிச்சத்தில் அந்தப் பாறைகள் பிரகாசிக்கும் என்றேன். அந்த அம்மாள் கல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “அம்மாடி! அப்படியா இருக்கும்?” என்று கண்ணை அகல விரித்தார். கொஞ்சநேரம் பொறுத்து, “சொல்லியிருக்கலாமே, சாமி. கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்” என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பிள்ளைகள் கேட்டபோது கூட்டந்தான் என்று சொன்னவன் என்ன பதில் சொல்வது?

ஆகையால் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, ஞானோபதேச வகுப்பின் கடைசிப் பத்து நிமிஷத்தில், வேலையாக வெளியூர் போய்வந்த தகப்பன்மாரிலோ தாய்மாரிலோ ஒருவர் வந்து, அங்கே கண்டு அதிசயித்த ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். ரயில் தாமதம், ஓட்டல் வாடகை, முதலாளியின் குணம், இவைகள் வேண்டாம். கையில் எடுத்து வந்தது ஏதாவது இருந்தால் கொண்டுவரலாம். முதல் வாரம் நானே சனிக்கிரகத்தைப்பற்றிச் சொல்லப்போகிறேன், அங்குலம் சொல்லமாட்டேன். இரண்டாம் வாரம் அந்த அம்மாள் டப்பாவை எடுத்துவர ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒட்டகத்தின் முட்டியைக் கேட்ட பையனுக்கும், அவன் கையைப் பிடித்து இழுத்துப்போன அவனுடைய அப்பாவுக்கும் முன்வரிசையில் இடம் வைத்திருக்கும். குடிலை அதுவரையில் கலைக்கவேண்டாமென்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள் பங்குக் குரு